மறு: மறு: டோலியத்துக்குத் தமிழ் – தாழியா, மிடாவா?

செ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். நேப்பிள்ஸ் அருகே பொஸ்கொரேயாலேயில் உள்ள பழைய ரோமானிய வில்லா ரெஜினா, அதையொட்டிய சிறு அருங்காட்சியகம் இரண்டையும் பற்றிய எட்டாம் வகுப்புத் துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வில்லா' என்று விட்டால் மனை விளம்பரம் போல இருப்பதால் 'பண்ணைவீடு' என்று வைத்தாயிற்று. எரிமலைச் சாம்பலுக்குள் உடல் மக்கி விட்ட பொந்தில் சாந்து ஊற்றி எடுத்த பன்றிக்கு 'வார்ப்பு'. டோலியம்தான் நிற்கிறது.

பொருள் இதுதான்: முற்றத்தில் 18 மண்கலங்கள், கழுத்துவரை தரைக்குள். மொத்தக் கொள்ளளவு சுமார் 10,000 லிட்டர். உட்புறம் கீல் (தார் போன்ற பிசின்) பூச்சு. பிழிந்த திராட்சைச் சாறு இதில்தான் புளித்து மதுவாகும். மதுவை ஏற்றிச் செல்லும் இருகாது மண்கலமான ஆம்போராவுக்குச் 'சாடி' போட்டுவிட்டேன். இதற்கு வேறு வேண்டும்.

ந. எழுதியது:
தாழி. தாழ் + இ. தாழ்ந்து கிடப்பது தாழி. பொருளே சொல்லுக்குள் புதைந்திருக்கிறதே!

மு. எழுதியது:
ந. ஐயா, அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய இடம். தரையில் வரிசையாக 18 வாய்கள். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி பற்றிய பாடம் படித்த பிள்ளை பதினெட்டு பிணம் என்றுதான் எண்ணுவான். பேசாமல் 'குதிர்' போடலாமே?

க. எழுதியது:
குதிர் தரைக்கு மேல் நிற்பது, தானியத்துக்கானது. அடியில் துளை வைத்து எடுப்பார்கள். இங்கே வேலையே வேறு. சாறு புளிக்கும்போது சூடேறும். அந்தச் சூட்டைச் சுற்றியுள்ள மண் வாங்கிக்கொள்ளும். நுரை பொங்கும், ஆகவே விளிம்புவரை நிரப்பக்கூடாது. மண்டி குறுகிய அடியில் தங்கும். கீல் பூச்சு விட்டுப்போனால் மது ஓட்டுக்குள் கசியும். விரிசல் கண்டால் ஈயப் பற்று போட்டு இறுக்குவார்கள். புதைத்ததைப் பெயர்த்தெடுப்பது எளிதல்ல. புறநானூறு 56இல் யவனர் கொண்டுவந்த தேறல் கடல் கடந்தது சாடியில். டோலியம் பண்ணையை விட்டு நகராது. சொல்லில் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

ந. எழுதியது:
புறநானூறு 256 'ஈமத் தாழி' என்று அடை கொடுக்கிறது. தாழி தானாகவே ஈமத்துக்குரியது என்றால் அடை எதற்கு? வெண்ணெய் திரளும்போது உடைந்ததும் தாழிதான்; அதில் எந்தப் பிணம் இருந்தது? அச்சமாக இருந்தால் 'புதைத்தாழி' என்று தெளிவாக்கலாம்.

வ. எழுதியது:
வினைத்தொகையில் வல்லினம் மிகாது. புதைதாழி.

மு. எழுதியது:
ஒற்றை எடுத்தாலும் பிணம் போகவில்லையே, அம்மா.

க. எழுதியது:
மிடா எப்படி? பெரிய பானை என்ற பொருள் ஏற்கெனவே உண்டு, கள்ளோடும் ஒட்டும். மிடறுவரை புதைந்தது மிடா என்று வேர் காட்டவும் ஆசைதான். ஆனால் சான்று கேட்டால் கையில் எதுவும் இல்லை. 'நிலமிடா' என்றால் புதைப்பும் வந்துவிடும்.

ந. எழுதியது:
மொடாக்குடியனைப் பாடநூலுக்குள் அழைத்து வருகிறீர்கள். முதல் வரியிலேயே வகுப்பு சிரிக்கும்.

மு. எழுதியது:
சிரித்தால் மறக்கமாட்டார்கள். ஆனால் 'நில' வேண்டாம். முதல் நூற்றாண்டில் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே டோலியங்களைப் பதித்து மது ஏற்றியிருக்கிறார்கள். இத்தாலியக் கடலில் அப்படி மூழ்கிய கப்பல் கிடைத்திருக்கிறது. க. ஐயாவின் 'நகராது' என்பதும் அங்கே ஆட்டம் காண்கிறது. 'மது' என்ற முன்னொட்டும் கூடாது. எண்ணெய், தானியம் எல்லாம் இதே கலத்தில்தான்.

க. எழுதியது:
கப்பலில் இருந்தாலும் அது கப்பலை விட்டு நகராதே! சரி, நிலத்தை விட்டுவிடுகிறேன்.

செ. எழுதியது:
மிடாவுக்கு மூவர், தாழிக்கு ஒருவர், ஒற்றுக்கு ஒருவர். முதல் இடத்தில் 'மிடா (டோலியம்)', பிறகு 'மிடா' மட்டும் என்று அனுப்புகிறேன். படத்தின் கீழே 'மது புளிக்கும் மிடாக்கள்'.

ந. எழுதியது:
என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். அடுத்த பதிப்பில் தாழி வரும்.

வ. எழுதியது:
செ., ஒரு ஐயம். உள்ளே ஒன்று, அதன்மேல் ஒன்று என்று மிடாவுக்கு இரண்டு மூடிகள் உண்டே. பட விளக்கத்தில் இரண்டுக்கும் 'மூடி' என்றே இருக்கிறது.