சிவிலைசேஷன் 7: கட்டியதெல்லாம் யுக மாற்றத்தில் போனவர்கள் எழுதுங்கள் (சேலம், ஏற்காடு ஆட்டக்காரர்கள்)

சேர்வராயன், ஏற்காடு:

இந்த ஆட்டம் வெளிவந்த 2025 பிப்ரவரியில் நடந்தது இன்னும் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன். முன்கதை அதிகம் தேவையில்லை, எல்லோரும் ஆடியவர்கள்தான். புதியவர்களுக்கு மட்டும் ஒரு வரி: இது சுற்றுமுறைக் கணினி ஆட்டம், மூன்று யுகங்களாக நடக்கும், ஒரு யுகம் முடிந்ததும் அப்போது வேறொரு நாகரிகமாக மாற வேண்டியிருந்தது; தலைவர் மட்டும் மாறமாட்டார். இரண்டாம் யுகத்தில் சோழராக இருந்தேன், கடல் தாண்டிய கரையில் எனக்கு ஊர்கள் இருந்தன, அங்கிருந்து ட்ரெஷர் ஃப்ளீட்டுகள் (செல்வம் ஏற்றிவரும் கப்பல்கள்) வந்துகொண்டிருந்தன. அந்த யுகத்தின் இலக்குகளில் ஒன்றான பொருளாதாரப் பாதை நிறைவதற்கு 30 புள்ளிகள் வேண்டும் என்பதும், கப்பல் தாய்நிலத்துக் கரைக்கு வந்து சரக்கை இறக்கினால்தான் புள்ளி சேரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். என்னிடம் 28 புள்ளிகள் இருந்தன. குறைந்த இரண்டையும் தந்துவிடக்கூடிய கப்பல், என் துறைமுக ஊருக்கு ஒரே ஒரு கட்டம் வெளியே நின்றுகொண்டிருந்தது. அந்தச் சுற்றில் அதற்கு நகர்வு மிச்சமில்லை. அடுத்த சுற்றுக்கான பொத்தானை அழுத்தினேன். கப்பல் கரையேறவில்லை, யுகம் முடிந்துவிட்டது என்ற திரைதான் வந்தது.

எங்கோ ஒரு மூலையில், நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு கணினி எதிராளி தன் பாதையில் ஒரு மைல்கல்லைத் தாண்டியிருக்கிறான். அதனால் யுகக் கணக்கு ஒரே தாவலில் நூறைத் தொட்டுவிட்டது; நூறானால் யுகம் முடியும். முன்பு சேமித்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தாலும் பயனில்லை. கப்பலுக்கு வேண்டியது இன்னும் ஒரு சுற்று, அந்த ஒரு சுற்று எந்தச் சேமிப்பிலும் கிடையாது.

நான் சுற்றுமுறை ஆட்டங்களை மட்டும் ஆடுவதற்குக் காரணம் உண்டு. கோடைமழைக் காலத்தில் இந்த மலையில் இடி இறங்கினால் மின்சாரம் போகும், இணையம் அதற்கு முன்பே போயிருக்கும். மறுநாள் வந்து மடிக்கணினியைத் திறந்தால் ஆட்டம் விட்ட இடத்திலேயே நிற்கும். என் கை அசையாமல் எதுவும் அசையாது என்கிற அந்த ஒரு உறுதியைத்தான் இந்தப் பதிப்பு என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

சேர்வராயன் சொல்வது முற்றிலும் சரி, அண்ணா. உங்களுக்குக் கப்பல் போனது, எனக்குக் கோட்டை போனது. முதல் யுகம், நான் முற்றுகையிட்டிருந்த ரோமின் தலைநகரம், சுற்றியிருந்த மதில்கள் எல்லாம் விழுந்து நகர மையம் மட்டும் மிச்சம். பட்டறையில் இரவு வேலை முடித்து வந்து, தூக்கத்தைத் தள்ளிவைத்து ஆடிக்கொண்டிருந்தேன். என் தளபதி ஆற்றங்கரையில் நின்றார், நான்கு படைகள் வாசலிலேயே நின்றன. யுகம் மாறியது. போர் தானாகவே முடிந்துபோனது, சமாதானத்துக்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசலில் நின்ற படைகளைத் தேடினால் அவை என் ஊருக்குள் நிற்கின்றன, அதிலும் எண்ணிக்கை குறைந்து. இடிந்த மதில்கள் போனதோடு ரோம் புதுப் பெயர் பூண்டு, புது உடை உடுத்தி, எனக்கு வணக்கம் வைக்கிறது. அந்த வணக்கத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அறுகோணம், அஸ்தம்பட்டி:

மேலே எழுதிய இருவருமே ஆட்டம் ஏமாற்றிவிட்டதாக எழுதுகிறீர்கள். ஆட்டம் எதையும் மறைக்கவில்லை. யுகம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைத் திரையின் மூலையில் அது விழுக்காட்டில் காட்டிக்கொண்டேதான் இருக்கிறது. எனக்கும் ஒருமுறை எல்லையோர நகரம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது. அன்றைக்கு வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு அது நேரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலாவதாக, ஆட்டம் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையில் யுகத்தின் நீளத்தை மாற்றும் வசதி இருக்கிறது. நீண்ட யுகத்தைத் தேர்ந்துகொண்டால் பாதி மனத்தாங்கல் அங்கேயே தீர்ந்துவிடும். யுகத்தின் பிற்பகுதியில் ஆட்டமே கொண்டுவரும் நெருக்கடிகளை நிறுத்திவைக்கும் தெரிவும் அதே இடத்தில்தான் இருக்கிறது. படைகளைப் பொறுத்தவரை, யுகம் முடியும் தறுவாயில் தளபதிகளின் எண்ணிக்கைதான் உங்கள் சொத்து. ஒரு தளபதியால் எத்தனை படைகளைத் தன்னுடன் வைத்துக்கொள்ள முடியுமோ, அத்தனை படைகள்தான் அடுத்த யுகத்துக்கு உறுதியாக வந்து சேரும். ஆகவே 80 விழுக்காட்டுக்கு மேல் புதிய படை திரட்டுவதை நிறுத்திவிட்டு, அந்த உற்பத்தியைத் தளபதிகளுக்குத் திருப்புங்கள். தளபதி பெற்ற அனுபவமும் பதவி உயர்வும் அவருடனேயே வரும். கப்பல்களுக்கு இரண்டாம் யுகத்தில் கடற்படைத் தளபதி கிடைக்கிறார். அவரையும் உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களில் யுகம் கடந்து நிலைப்பவை எவை, பழையதாகிப் பலன் குறைபவை எவை என்று பிரித்துப் பார்த்துக் கட்டுங்கள். அதிசயங்களும் ஒவ்வொரு நாகரிகத்துக்கும் உரிய தனிக் கட்டடங்களும் நிலைப்பவை. நூலகம் போன்ற பொதுக் கட்டடங்களை அடுத்த யுகத்தில் இடித்துவிட்டு மேலே கட்ட வேண்டியிருக்கும். தலைநகரம் தவிர்த்த மற்ற நகரங்கள் மீண்டும் ஊர்களாகச் சுருங்குவதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். கையில் பொன் இருந்தால் அவற்றை மறுபடி நகரமாக உயர்த்திக்கொள்ளலாம், எனவே கடைசிச் சுற்றுகளில் பொன்னைச் செலவழிக்காமல் சேர்த்து வைப்பது நல்லது. பிற்பாடு வந்த ஒரு அப்டேட்டில், படைகளைப் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே விட்டுவைக்கும் தெரிவையும் சேர்த்துவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை நண்பர் அதை இயக்கிப் பார்த்தாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கொலுசுப்பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:

ஐயா, ஆலோசனைக்கு நன்றி. நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லும் அப்டேட் வருவதற்கு முன்னால் நடந்ததைத்தான் எழுதினேன். 80 விழுக்காட்டில் படை திரட்டுவதை நிறுத்த வேண்டுமென்றால், மிச்சமுள்ள 20 விழுக்காட்டில் நான் என்ன செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருக்கலாம்.

கலம்செலுத்தி, ஆத்தூர்:

என்னுடைய குறை படையைப் பற்றியது அல்ல. இந்தத் தொடரில் தமிழர் ஒருவர் பெருமையோடு பார்க்கக்கூடிய நாகரிகம் ஒன்று, சோழர், முதல் நாளிலேயே ஆட்டத்துடன் வந்தது. கலம் என்று சோழர் கப்பலின் பெயரைத் திரையில் படித்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது. அஞ்சுவண்ணத்தையும் மணிக்கிராமத்தையும் ஒரே வட்டாரத்தில் அருகருகே கட்டினால் அந்த இடம் ஐந்நூற்றுவர் பெயரால் தனிச் சிறப்புப் பெறுகிறது. கல்வெட்டு படிப்பவர்கள் மட்டும் அறிந்திருந்த வணிகக் குழுக்களின் பெயர்களை ஒரு பன்னாட்டு ஆட்டத்தில் யாரோ தேடிப் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு என் பாராட்டு எப்போதும் உண்டு. எங்கள் பக்கத்து ஆறகளூரில் வாணகோவரையர் கட்டிய கோயிலையும், அங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகளையும் பார்த்து வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே மகிழ்ந்தேன்.

அப்படிப்பட்ட ஆட்டத்தில் இரண்டாம் யுகம் முடிந்ததும் ஒரு பட்டியல் வந்தது: இனி நீங்கள் யாராக இருக்க விரும்புகிறீர்கள்? மௌரியர், அடுத்து சோழர், அதற்கடுத்து முகலாயர் என்பதுதான் இந்தியாவுக்கென்று அவர்கள் வகுத்துத் தந்த வரிசை. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், பட்டியல் அப்படியே இருந்தது. ராஜேந்திரனின் கடற்படை 1025இல் கடாரம் வரை சென்றது என்று பள்ளியில் படித்த ஒருவன், அந்தக் கடற்படையை நடத்திக்கொண்டிருந்த அதே கையால் முகலாயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. முகலாயர் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மூன்றாம் யுகத்தில் பொன் திரட்ட அவர்களைவிடச் சிறந்தவர் இல்லை என்றே சொல்கிறார்கள். எனக்கு வேண்டியிருந்தது சோழராகவே தொடரும் ஒரு வரி. அந்த வரி அப்போது அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. சோழருக்கென்று ஒரு தமிழ்த் தலைவரும் வெளியீட்டின்போது இல்லாததால், என் சோழநாட்டை ஆண்டவர் அசோகர் என்பதையும் சேர்த்து எழுதிவைக்கிறேன்.

பழைய ஆட்டக்காரர், சூரமங்கலம்:

ஆத்தூர்த் தம்பிக்கு ஒரு செய்தி. 1279க்குப் பிறகு சோழப் பேரரசு இல்லை. பாண்டியர் கைக்கு எல்லாம் போய்விட்டது. நீராவி எஞ்சின் காலத்தில் சோழர் இருந்தால்தான் வரலாறு என்று நீங்கள் கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. பெரும்பாலானோர் ஆட்டத்தைத் தொடங்குகிறார்களே தவிர முடிப்பதில்லை என்று கண்டதால்தான் யுகங்களாகப் பிரித்ததாக வடிவமைத்தவர்கள் வெளியீட்டுக்கு முன்பே விளக்கினார்கள். அவர்கள் சொன்னது என் அளவில் உண்மை. ஐந்தாம் பதிப்பிலும் ஆறாம் பதிப்பிலும் நான் பாதியில் விட்ட ஆட்டங்கள்தான் அதிகம்.

இருந்தாலும் எனக்கும் ஒரு குறை இருக்கிறது, அது நெருக்கடிக் கொள்கை அட்டை. யுகத்தின் பிற்பகுதியில் நெருக்கடி தொடங்கியதும், நமக்குக் கெடுதல் மட்டுமே செய்கிற சில அட்டைகளை ஆட்டம் நீட்டுகிறது. எந்தக் கெடுதல் என்று நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்; தேர்ந்தெடுத்துப் பொருத்தாமல் அடுத்த சுற்றுக்குப் போக முடியாது. அடிக்கப்போகிறவர் கையில் நாமே பிரம்பை எடுத்துக் கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. எனக்கு வந்தது ஊர்களின் மகிழ்ச்சியைக் குறைக்கும் நெருக்கடி. மூன்று அட்டைகளையும் மாறிமாறிப் படித்து, இருப்பதில் சிறியது என்று ஒன்றைப் பொருத்தினேன். சில சுற்றுகளில் நான் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆற்றோர ஊர் கலவரத்தில் எரிந்து, பக்கத்து அரசரிடம் சேர்ந்துவிட்டது. கொள்ளைக்காரன் வந்து பிடித்திருந்தால் திரும்பப் பிடித்திருப்பேன். அட்டை பொருத்தியவன் நான் என்பதால், யார் மீது படையெடுப்பது என்றே தெரியவில்லை. நான்காம் பதிப்பில் ஒரே கட்டத்தில் படைகளைக் குவித்து அடித்த காலத்திலும் ஊர்கள் போயின. அப்போது எதிரி யார் என்பது தெரிந்திருந்தது.

கலம்செலுத்தி, ஆத்தூர்:

ஐயா, 1279 எனக்கும் தெரியும். அதே ஆட்டத்தில் ரோமை நார்மனாக மாற்ற முடிகிறது, நார்மனை வேறொன்றாக மாற்ற முடிகிறது, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எகிப்தை ஆளலாம். அங்கெல்லாம் ஆண்டுக் கணக்குப் பார்க்காத ஆட்டம், சோழருக்கு மட்டும் பார்க்க வேண்டும் என்கிறீர்களா?

மாங்கனி, அம்மாப்பேட்டை:

எல்லோரும் யுக மாற்றத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். யுகத்தின் நடுவில் என்னை வாட்டியதை ஒருவரும் தொடவில்லை. இரண்டாம் யுகத்தில் மதம் என்று ஒன்று வருகிறதே, அதில் ஒரு ஊரை முழுதாக மாற்ற நகர்ப்பகுதி மக்களையும் கிராமப்பகுதி மக்களையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். நான் என் தலைநகரத்தை மாற்றி முடிப்பேன்; அடுத்த சுற்றில் எதிராளியின் சமயப் பரப்புநர் ஒருவர், என் மதில் வாசல் வழியாக, என் படைவீரனைத் தாண்டி உள்ளே வந்து கிராமப்பகுதியில் நின்று தன் மதத்துக்கு மாற்றிவிட்டுப் போவார். தடுக்க வழியே இல்லை. போர் அறிவிக்காமல் அவரைத் தொட முடியாது, போர் அறிவித்தால் செல்வாக்கும் போகும், ஊர்களின் மகிழ்ச்சியும் குறையும். நான் மறுபடி ஒருவரை வாங்கி அனுப்புவேன், அவர் மறுபடி வருவார். இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்து போவதை ஒரு மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதையும் தவிர, எந்தப் பகுதி எந்த மதத்தில் இருக்கிறது என்று அறிய, வெளியீட்டின்போது ஊர் ஊராகத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. எழுத்துகள் சிறியவை, கண்ணாடி போட்டுக்கொண்டும் திரைக்கு அருகில் குனிந்துதான் படித்தேன். அஸ்தம்பட்டி நண்பர் இதற்கும் வழி வைத்திருப்பார் என்று நம்புகிறேன். இருந்தால் நான்கு வரிகளுக்குள் எழுதவும்.

அறுகோணம், அஸ்தம்பட்டி:

வழி இருக்கிறது. தாய்நிலத்தில் மதத்துக்காகப் போராடாதீர்கள். நினைவுச்சின்னங்கள் (பண்பாட்டுப் பாதையில் கணக்காகும் புனிதப் பொருள்கள்) சேர்வதற்கு வேண்டிய மத நம்பிக்கையைத் தேர்ந்துகொண்டு, அது கேட்கும் ஊர்களை ஒருமுறை மாற்றுங்கள், சின்னம் கைக்கு வந்ததும் அப்படியே விட்டுவிடுங்கள்; பிறகு அவர் வந்து மாற்றினாலும் சின்னம் உங்களிடமே இருக்கும். எழுத்தின் அளவுக்கு என்னிடம் வழியில்லை. நானும் குனிந்துதான் படிக்கிறேன்.