கராஜ் பீர் காய்ச்சற குழு: தீபாவளி ஐபிஏ-வுக்கு ஹாப்ஸ் கணக்கு

*புதன்*

முரளி காலை 7:42
இந்த சனிக்கிழமை காய்ச்சற ஐபிஏ-வுக்கு (இந்தியா பேல் ஏல், கசப்பு தூக்கலான பீர்) பிளான் போட்டுட்டேன், ஒரு பார்வை பாத்து சொல்லுங்க. கொதி முடியறப்ப கெட்டில்ல 22 லிட்டர், ஓஜி (நொதிக்கறதுக்கு முன்னாடி இருக்கற கிராவிட்டி, அதாவது அடர்த்தி) 1.060. மால்ட் (முளைகட்டின பார்லி) 6.1 கிலோ: டூ-ரோ 5.6, மியூனிக் 300 கிராம், லேசான கிரிஸ்டல் 200 கிராம். ஈஸ்ட் யூஎஸ்-05.

முரளி காலை 7:44
ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் குடுக்கற பூ) எல்லாம் 28 கிராம் பாக்கெட்.
கொதி முடிய 60 நிமிஷம் இருக்கறப்ப: சிட்ரா 1
30: மொசைக் 1
20: சென்டினியல் 1
5: சென்டினியல் 1
அடுப்பை அணைச்சதும்: சிட்ரா 2
டிரை ஹாப் (கொதிக்க விடாம, நொதிக்கற பாத்திரத்துல போடறது): சிட்ரா 1, மொசைக் 3, ஏழு நாள்
ஆப்ல 80 ஐபியூ (கசப்பு அளவு) காட்டுது. கொஞ்சம் ஜாஸ்தியோ?

சங்கர் அண்ணா காலை 8:05
கொஞ்சமா? அமெரிக்கன் ஐபிஏ-வுக்கு பிஜேசிபி (பீர் போட்டி நடுவர் அமைப்பு) சொல்ற எல்லையே 40லேர்ந்து 70 வரைக்கும்தான். உன் 80-ம் நிஜமான 80 இல்ல. அடுப்பை அணைச்சதும் போடற 56 கிராமுக்கு ஆப் எவ்ளோ ஐபியூ போட்டிருக்கு, பாரு.

முரளி காலை 8:07
சைபர்.

சங்கர் அண்ணா காலை 8:12
அதான். கொதி நின்னாலும் வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) 95 டிகிரிக்கு மேலதான் இருக்கும். மூடி வெச்சா 22 லிட்டர் அவ்ளோ சீக்கிரம் ஆறாது. 20 நிமிஷம் அப்படியே விட்டா, 12 நிமிஷம் கொதிக்க விட்டதுக்கு சமம்னு வெச்சுக்கோ. 13% ஆல்ஃபா (கசப்பு குடுக்கற அமிலம்) இருக்கற சிட்ரா 56 கிராம்ல சுமார் 29 ஐபியூ அங்கேயே ஏறிடும். மொத்தம் நூறைத் தாண்டுது.

சித்ரா அக்கா காலை 8:20
ரசத்தை யாராவது கொதிக்க விடுவாங்களா முரளி? நுரை கட்டினதும் இறக்கிடுவோம்ல. வாசனை ஹாப்ஸும் அப்படித்தான். 60-ல சிட்ரா போட்டா அதோட மாம்பழ, எலுமிச்சை வாசனை மொத்தமும் ஆவியோட போயிடும், கசப்பு மட்டும் மிச்சம். காசு குடுத்து வாங்கின சிட்ராவை அங்க ஏன் கரைக்கணும்?

முரளி காலை 8:22
அப்ப 60-ல எதைப் போடறது? வாங்கி வெச்சிருக்கறது மூணு வகைதான். சிட்ரா 4 பாக்கெட், மொசைக் 4, சென்டினியல் 2.

சித்ரா அக்கா காலை 8:23
என் ஃப்ரீசர்ல திறக்காத மேக்னம் பாக்கெட் ஒண்ணு இருக்கு. 13% ஆல்ஃபா. சுத்தமான கசப்பு, பெருசா வாசனை கிடையாது. 20 கிராம் போதும், 25 ஐபியூ வந்துடும்.

பிரியா காலை 8:31
30, 20 ரெண்டையும் அடிச்சிடு. அது ரெண்டும் கெட்டான் நேரம். 30-ல கசப்பு முக்கால்வாசிக்கு மேல வந்துடும், வாசனையும் தங்காது. உன் மொசைக் அங்க 25 ஐபியூ குடுத்துட்டு காணாம போகுது.

சங்கர் அண்ணா காலை 8:40
கணக்கை கையாலயே போட்டுப் பார்த்துடு, ஆப்பை நம்பி உக்காராத. ஹாப்ஸ் கிராம் × ஆல்ஃபா (13% னா 0.13) × 1000, அதை லிட்டரால வகு. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்னு வரும். 1.060 கிராவிட்டியில டின்செத்ங்கறவர் போட்ட கணக்குப்படி 60 நிமிஷத்துக்கு 0.21-ஆல பெருக்கு, 30-க்கு 0.16, 10-க்கு 0.076, 5-க்கு 0.042. அதான் ஐபியூ. கிராவிட்டி ஏற ஏற இந்த எண் குறையும்.

முரளி காலை 8:44
மேக்னம்: 20 × 0.13 × 1000 / 22 = 118. அதுல 0.21 = 24.8. சரியா வருது 👍

பிரியா காலை 8:46
ஆல்ஃபா எண்ணை பாக்கெட் லேபிள்லேர்ந்து எடு, நெட்ல இருக்கற சராசரியை எடுக்காத. ஒரே சென்டினியல் ஒரு வருஷம் 9, இன்னொரு வருஷம் 11 வரும். அறுவடை வருஷமும் போட்டிருப்பாங்க, பாத்துக்கோ. ஹாப்ஸ் விளையற யாக்கிமால இப்பதான் அறுவடை நடக்குது, கடையில கிடைக்கறது போன வருஷத்து சரக்கு. பாக்கெட்டைத் திறந்ததும் சீஸ் மாதிரி நாத்தம் அடிச்சா வாசனைக்கு அதை சேர்க்காத.

சங்கர் அண்ணா காலை 8:58
வேர்ல்பூலுக்கு (கொதி நின்னப்புறம் ஹாப்ஸைப் போட்டு சுத்தி விடறது) வருவோம், இந்த பீரோட உயிரே அங்கதான். அடுப்பை அணைச்சதும் குளிர்விக்கற சில்லர்ல தண்ணியை ஓட விட்டு 80 டிகிரிக்கு இறக்கு. தண்ணியை நிறுத்து. அப்புறம் ஹாப்ஸைப் போட்டு, கழுவி சானிடைஸ் பண்ண கரண்டியால ஒரே பக்கமா சுத்தி விடு, மூடி 20 நிமிஷம். 80-ல கசப்பு ஏறற வேகம் கொதிநிலையில இருக்கறதுல ஆறுல ஒரு பங்குதான். 90-ல அஞ்சுல ரெண்டு பங்கு. பத்து டிகிரிக்கு எவ்ளோ வித்தியாசம் பாரு.

முரளி காலை 9:01
இன்னும் கீழ 65-ல போட்டா?

சங்கர் அண்ணா காலை 9:04
போடலாம், கசப்பு கிட்டத்தட்ட ஏறாது. ஆனா ஹாப்ஸோட வாசனை எண்ணெய் கரையறதும் மெதுவா நடக்கும், அரை மணிக்கு மேல விடணும். முதல் தடவை 80-ல நில்லு.

சித்ரா அக்கா காலை 9:15
அப்ப திருத்தின பட்டியல்:
60: மேக்னம் 20 கிராம் (25 ஐபியூ)
10: சென்டினியல் 28 (9)
80 டிகிரி, 20 நிமிஷம்: சிட்ரா 28, மொசைக் 28, சென்டினியல் 28 (12 அல்லது 13)
டிரை ஹாப்: சிட்ரா 56, மொசைக் 56
மொத்தம் சுமார் 47 ஐபியூ. உனக்கு சிட்ரால ஒண்ணு, மொசைக்ல ஒண்ணு மிச்சம்.

முரளி காலை 9:18
47 கம்மியா தெரியுது அக்கா. ஐபிஏ-ன்னா நாக்குல அடிக்க வேண்டாமா?

சித்ரா அக்கா காலை 9:21
1.060-க்கு 47 தாராளம். நாக்குல அடிக்கிறதுக்கு எண்ணை ஏத்தாத, தண்ணியை சரி பண்ணு. பிரியா, நீ சொல்லு.

பிரியா காலை 9:34
நம்ம போர்ட்லண்ட்ல குழாயில வர்ற புல் ரன் ஆத்துத் தண்ணில உப்பே கிடையாது, மழைத் தண்ணி மாதிரி. சல்ஃபேட் இல்லாம கசப்பு மழுங்கலா, இழுத்துக்கிட்டு நிக்கும். மாஷ் (மால்ட்டை ஊற வெக்கறது), ஸ்பார்ஜ் (அதை அலசறது) ரெண்டுக்கும் சேர்த்து 30 லிட்டர் எடுக்கறன்னா ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட் உப்பு) 8 கிராம். சல்ஃபேட் 150 பிபிஎம் கிட்ட, கால்சியம் 60 பிபிஎம் கிட்ட ஏறும். கிருமியைக் கொல்ல கலக்கற குளோரமைன் வேற இருக்கு, கொதிக்க வெச்சா லேசுல போகாது. கேம்ப்டன் மாத்திரை பாதி நசுக்கிப் போட்டு கலக்கிடு. விட்டா பீர்ல பேண்ட்-எய்டு வாசனை வரும், அப்புறம் எந்த ஹாப்ஸ் போட்டும் மறைக்க முடியாது.

ராகவன் மாமா காலை 9:50
பேர்ல இந்தியா, ஹாப்ஸ் யாக்கிமா, உப்பு எந்த ஊருது?

பிரியா காலை 9:53
இங்கிலாந்து பர்ட்டனோடது மாமா 😄 அங்க கிணத்துத் தண்ணிலயே ஜிப்சம் நிறைய. மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் கப்பல்ல வந்த பேல் ஏல் அந்தத் தண்ணில காய்ச்சினப்பதான் பேர் வாங்கிச்சு. நாம கரண்டியால அள்ளிப் போட்டு அதை நகல் எடுக்கறோம்.

ராகவன் மாமா காலை 9:55
இதே கெட்டிலை சென்னை வீட்லயும் வெச்சா?

சங்கர் அண்ணா காலை 9:57
அந்த ஆசையே வேண்டாம் மாமா, மதுவிலக்குச் சட்டத்துல உள்ள தள்ளிடுவாங்க. இங்க அமெரிக்கால ஒரு வீட்ல ரெண்டு பெரியவங்க இருந்தா வருஷத்துக்கு 200 கேலன் வரைக்கும் காய்ச்சலாம். அதையும் விக்கக் கூடாது.

முரளி காலை 10:10
60-ல ஹாப்ஸ் போடறப்ப பொங்கி வழியுதே, அதுக்கு என்ன பண்றது?

சங்கர் அண்ணா காலை 10:13
முதல் நுரை எழும்பி, உடைஞ்சு, அடங்கற வரைக்கும் பொறு. அஞ்சு பத்து நிமிஷம் ஆகும். பெல்லட் (அழுத்தின ஹாப்ஸ்) தூள் பட்டதும் மறுபடி நுரைக்கும், அதனால தீயைக் குறைச்சுட்டு, கொஞ்சம் கொஞ்சமா போடு. அப்புறம் டைமரை அமுக்கு. கராஜ்ல பொங்கலோ பொங்கல்னு கத்தினா பக்கத்து வீட்டுக்காரன் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுடுவான்.

முரளி காலை 10:20
டிரை ஹாப் 112 கிராம் போதுமா? கடை பீர்ல வர்ற அந்த வாசனைக்கு 200-ன்னு நெனச்சேன்.

சித்ரா அக்கா காலை 10:28
20 லிட்டருக்கு 112 கிராம்னா லிட்டருக்கு 5.6 கிராம். ஓரிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டில ஷெல்ஹாமர் குழு கேஸ்கேட் ஹாப்ஸ் வெச்சு அளந்து 2018-ல எழுதினாங்க. லிட்டருக்கு 8 கிராம் தாண்டினா வாசனை அந்த அளவுக்கு ஏறறதில்ல, தேயிலை, மூலிகை பக்கம் சாயுது. தொண்டையில காரமா பிடிக்கறதும் அதிகமா போட்டதாலதான். அது தவிர 100 கிராம் பெல்லட் அரை லிட்டர்லேர்ந்து ஒரு லிட்டர் வரைக்கும் பீரைக் குடிச்சுடும்.

சங்கர் அண்ணா காலை 10:31
ஏழு நாளும் வேண்டாம். வாசனை முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல இறங்கிடுது. அப்புறம் இறங்கறது புல் வாசனையும் துவர்ப்பும்தான்.

முரளி காலை 10:34
சரி, எப்ப போடறது? நொதிப்பு முடிஞ்சப்புறமா?

சித்ரா அக்கா காலை 10:36
அடைக்கறது கெக்லயா (உலோகப் பீப்பாய்), பாட்டில்லயா?

முரளி காலை 10:36
பாட்டில்.

சித்ரா அக்கா காலை 10:49
அப்ப கவனமா படி. ஹாப்ஸ்ல மாவுச்சத்தை உடைக்கிற என்சைம் கொஞ்சம் இருக்கு. ஈஸ்ட் தின்னாம விட்ட டெக்ஸ்ட்ரினை அது சர்க்கரையா உடைக்கும், ஈஸ்ட் மறுபடி எழுந்து திங்க ஆரம்பிக்கும். ஹாப் கிரீப்னு சொல்வாங்க. 1.012-ல நின்ன பீர் 1.009-க்கு இறங்கும். அந்த மூணு புள்ளி பாட்டிலுக்குள்ள நடந்தா ஒன்றரை வால்யூம் (பீரோட அளவுல ஒன்றரை மடங்கு) வாயு கூடுதலா சேரும். நீ சர்க்கரை போட்டு ஏத்தற 2.4-ஓட கூட்டினா கிட்டத்தட்ட 4. சாதாரண பாட்டில் தாங்காது, வெடிச்சுடும்.

பிரியா காலை 10:52
வெடிக்கலைன்னாலும் வெண்ணெய் வாசனை வரும். ஈஸ்ட் மறுபடி வேலை செய்யறப்ப டயசெட்டில் விடும், அதைத் திரும்ப உள்ள இழுக்கறதுக்குள்ள நீ குளிர்ல வெச்சா அங்கேயே நின்னுடும்.

முரளி காலை 10:54
அப்ப குளிர்ல டிரை ஹாப் பண்றாங்களே?

சித்ரா அக்கா காலை 11:02
அது கெக்ல அடைச்சு ஃப்ரிட்ஜ்ல வெக்கறவங்களுக்கு. உனக்கு வேற வழி. 18 டிகிரில நொதிக்க விடு. நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ 1.016, 1.018 காட்டும், அப்பவே டிரை ஹாப்பைப் போட்டுடு. மூடியைத் திறக்கறப்ப நுழையற ஆக்சிஜனை ஈஸ்டே தின்னுடும். கிரீப்பும் ஃபெர்மென்டர்லயே முடிஞ்சுடும். போட்டதும் 20 டிகிரிக்கு ஏத்தி விடு. நாலஞ்சு நாள் ஹாப்ஸோட கிடக்கும், பரவாயில்ல, ஒரு வாரத்தைத் தாண்ட விடாத.

சங்கர் அண்ணா காலை 11:05
112-ஐயும் ஒரே மூச்சுல கொட்டிடாத. பீர்ல கரைஞ்சிருக்கற வாயு தூள் பட்டதும் சீறிக்கிட்டு வெளிய வரும், கழுத்து வரைக்கும் நிரப்பின கார்பாய் ஜாடின்னா சீலிங்குக்கு அடிக்கும். 10 கிராம் போட்டு ஒரு நிமிஷம் பாரு, அப்புறம் மிச்சம்.

பிரியா காலை 11:11
பாட்டில்ல அடைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. ஒண்ணு, ஹைட்ராமீட்டர் (கிராவிட்டி அளக்கற கருவி) மூணு நாள் ஒரே எண் காட்டணும். ரெண்டு, அரை டம்ளர் பீரை மூடி போட்ட சின்ன ஜாடில ஊத்தி, 60 டிகிரி சுடுதண்ணில 20 நிமிஷம் வை. இன்னொரு ஜாடி சூடு காட்டாதது. ரெண்டையும் ஆற வெச்சு முகர்ந்து பாரு. சூடு காட்டினதுல தியேட்டர் பாப்கார்ன் வாசனை அடிச்சா இன்னும் ரெண்டு நாள் 20 டிகிரிலயே விடு.

முரளி காலை 11:14
நோட் பண்ணிட்டேன். தீபாவளிக்கு அஞ்சு வாரம் இருக்கு, ரொம்ப முன்னாடியே காய்ச்சறேனோ?

சங்கர் அண்ணா காலை 11:18
சரியா இருக்கு. ஃபெர்மென்டர்ல 11, 12 நாள், பாட்டில்ல 20 டிகிரில ரெண்டரை வாரம், ஃப்ரிட்ஜ்ல மூணு நாள். ஐபிஏ ஊறுகாய் இல்ல, வெச்சு வெச்சு ருசி ஏறறதுக்கு. பாட்டில்ல அடைச்ச ரெண்டு மாசத்துல சிட்ரா வாசனை மங்கி தேன், ஈரமான அட்டை வாசனை வர ஆரம்பிக்கும். பொங்கல் வரைக்கும் பதுக்கி வெக்காத.

பிரியா காலை 11:20
பாட்டில்ல நிரப்பறப்ப தெறிக்க விடாத, அடியிலேர்ந்து குழாயால நிரப்பு. சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம். ஃபெர்மென்டர்ல 20 இருந்தாலும் உன் கைக்கு 18.5 லிட்டர்தான் வரும், அதனால 110 கிராம் கொதிக்க வெச்சு ஆறவிட்டு சேரு. 20-க்கு அளந்து போட்டா ஓவரா ஏறிடும்.

ராகவன் மாமா காலை 11:41
வடிகட்டின ஹாப்ஸ் சக்கையை ரோஜாச் செடிக்குப் போடலாமா? போன தடவை முரளி வேலியோரமா கொட்டினான்.

சித்ரா அக்கா காலை 11:43
ஐயோ, வேண்டவே வேண்டாம். நாய்க்கு ஹாப்ஸ் விஷம். கொதிச்ச சக்கையா இருந்தாலும் சரி. தின்னா உடம்புச் சூடு மளமளன்னு ஏறி உயிரே போயிடும். மால்ட் இனிப்பு ஒட்டியிருக்கறதால தேடிப் போய் நக்கும். உங்க பக்கத்து வீட்டு லாப்ரடார் அந்த வேலிக்கு அடியிலதானே நுழையுது?

முரளி காலை 11:45
அதேதான் 😬

சித்ரா அக்கா காலை 11:46
ரெண்டு பை போட்டுக் கட்டி, மூடி இருக்கற குப்பைத் தொட்டில போடு. டிரை ஹாப் சக்கையும் அப்படித்தான். இப்பவே வேலிப் பக்கம் போய்ப் பாரு, பழசு ஏதாவது கிடந்தா அள்ளிடு.

முரளி பகல் 12:09
அள்ளிட்டேன். மேக்னம் வாங்க சாயங்காலம் ஆறு மணிக்கு வரட்டுமா அக்கா?

சித்ரா அக்கா பகல் 12:10
வா. சிட்ரா பாக்கெட் ஒண்ணு மிச்சம்னேனே, அதைக் கொண்டு வந்துடு.