மறுமொழி: டைப் ஸ்பெசிமன் – 'வகைமாதிரி'யா, 'பெயர்ச்சான்றா'?

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று வந்த மூன்று மடல்களையும் இரண்டு முறை படித்தேன். அருங்காட்சியகத்தின் பழைய உயிரினச் சேகரிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்து, முதல் பக்கத்திலேயே 'டைப் ஸ்பெசிமன்' (ஓர் உயிரினத்தின் அறிவியல் பெயருக்கு ஆதாரமாக வைத்திருக்கும் உடல்) என்ற இந்த ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டுதான், தமிழில் அதை 'வகைமாதிரி' என்பதா, 'பெயர்ச்சான்று' என்பதா என்று போன வாரம் உங்களைக் கேட்டேன். உடனே பதில் எழுதியவர்களுக்கு நன்றி. 'வகைமாதிரி ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதை ஏன் கலைக்க வேண்டும்' என்று ஐயா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, அதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

இலக்கிய விமர்சனத்தில் 'வகைமாதிரிப் பாத்திரம்' என்றால் என்ன? தன் வர்க்கத்தின், தன் கூட்டத்தின் இயல்புகளை எல்லாம் திரட்டிக் காட்டும் ஆள். படிக்கிறவர் மனதில் இந்தப் பொருள்தான் பதிந்திருக்கிறது. டைப் ஸ்பெசிமன் அப்படிப்பட்டது இல்லை. அது அந்த இனத்தின் சராசரியும் இல்லை, சிறந்த உதாரணமும் இல்லை. குட்டியாக இருக்கலாம், வால் அறுந்ததாக இருக்கலாம், நிறம் எல்லாம் போய் வெளுத்ததாக இருக்கலாம். ஓர் அறிவியல் பெயர் எந்த உடலோடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்த உடல், அவ்வளவுதான். நாளைக்கு யாராவது வந்து 'ஒரே இனம் என்று நினைத்தீர்களே, இது இரண்டு இனம்' என்று பிரித்தால், பழைய பெயர் எந்தப் பக்கம் போகும் என்று தீர்ப்பது அந்த ஒரு உடல்தான்.

இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த மிக நல்ல கதை நம்ம யானையின் கதை. 1758இல் ஸ்வீடன் இயற்கையறிஞர் லின்னேயஸ் யானைக்கு எலிஃபாஸ் மேக்சிமஸ் என்று அறிவியல் பெயர் வைத்தபோது, வாழிடம் 'இலங்கையின் சதுப்பு நிலங்கள்' என்று எழுதினார். ஆசிய யானை, ஆப்பிரிக்க யானை என்ற பிரிவினை அப்போது இல்லை. அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் ஒன்று சாராயத்தில் ஊறிக்கிடந்த ஒரு யானைக் கரு. ஆம்ஸ்டர்டாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்பர்ட்டஸ் செபாவின் சேகரிப்பில் இருந்து, பிறகு ஸ்வீடன் அரசர் அடோல்ஃப் ஃபிரெட்ரிக் கைக்கு வந்த ஜாடி அது. இன்றைக்கும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சரி, அந்தக் கரு உண்மையில் எந்த யானை என்ற சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது. சாராயத்தில் இரண்டரை நூற்றாண்டு கிடந்த திசுவில் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு, அதனால் புரதத்தின் வரிசையையும் சேர்த்துப் படித்தார்கள். 2013இல் முடிவு வந்தது: அது ஆப்பிரிக்க யானையின் கரு. விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி அந்தக் கருவையே பெயருக்கு ஆதாரம் என்று நிறுத்தியிருந்தால், ஆசிய யானையின் பெயர் ஆப்பிரிக்க யானைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அதே ஆய்வாளர்கள் லின்னேயஸ் மேற்கோள் காட்டிய இன்னொரு ஆதாரத்தைத் தேடிப்போனார்கள். ஆங்கிலேய இயற்கையறிஞர் ஜான் ரே 1664இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸில் பார்த்து எழுதிவைத்த ஓர் எலும்புக்கூடு. அது அங்கேயே, அருங்காட்சியகத்தில், கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. யாருடைய எலும்பு தெரியுமா? இலங்கையில் பிறந்து, குட்டியாக இருக்கும்போதே 1633இல் கப்பலில் ஹாலந்துக்குப் போன ஹன்ஸ்கென் என்ற பெண் யானை. ஐரோப்பா முழுவதும் வித்தை காட்ட நடத்திக்கொண்டு போனார்கள். ஓவியர் ரெம்பிராண்ட் அதை 1637இல் வரைந்திருக்கிறார். 1655இல் ஃபுளோரன்ஸில் செத்துப்போனது. இன்று ஆசிய யானை என்ற இனத்தின் பெயர் முழுக்க அந்த ஒரு இலங்கை யானையின் எலும்பில்தான் தொங்குகிறது. வித்தை காட்டி, ஊர் ஊராக நடந்து, பிறந்த மண்ணைவிட்டு எங்கோ செத்த ஒரு உயிரை 'வகைமாதிரி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது தன் இனத்தின் மாதிரி இல்லை, பெயருக்குச் சாட்சி.

இனி உங்கள் பரிந்துரைகள்.

'பெயர்தாங்கி' என்று அம்மா சொன்னது பொருளுக்கு மிக அருகில் வருகிறது. விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பும் 'பெயரைச் சுமப்பது' என்றுதான் பேசுகிறது. இடிதாங்கி, சுமைதாங்கி என்று நல்ல உறவுக்காரச் சொற்களும் உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் பெயர்தாங்கி என்றால் பெயருக்கு மட்டும் இருக்கிறவர், உள்ளே ஒன்றும் இல்லாதவர் என்ற வசவு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'இந்தத் தவளையின் பெயர்தாங்கி லண்டனில் இருக்கிறது' என்று எழுதிப் பாருங்கள், இடிக்கிறது.

'பெயர்மூலம்' எனக்கே பிடித்திருந்தது, ஒரு நாள் முழுக்க அதையே வைத்து எழுதிப் பார்த்தேன். 'பெயர்மூலம் அடையாளம் கண்டார்கள்' என்ற வரி வந்ததும் கைவிட்டேன். பெயரின் வழியாகக் கண்டார்கள் என்றுதான் யாரும் படிப்பார்கள்.

அப்புறம் 'டைப் என்றே எழுதிவிட்டுப் போகலாம், உலகம் முழுக்கப் புரியும்' என்ற தம்பியின் கருத்து. ஆய்வுக் கட்டுரைக்குச் சரி. காட்சிக்கூடத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை ஜாடிக்கு முன்னால் நிற்கும்போது 'டைப்' என்ற சொல் அதற்கு ஒன்றும் சொல்லாது. ஏன் இந்த வெளுத்த மீனுக்கு மட்டும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லத்தான் நமக்குச் சொல் வேண்டும்.

ஆகவே 'பெயர்ச்சான்று'. சாதிச் சான்று, வருமானச் சான்று மாதிரி தாலுகா ஆபீஸ் வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். யோசித்தேன். சந்தேகம் வந்தால் எடுத்துக் காட்ட வேண்டியது, தொலைந்தால் கஷ்டம் என்ற பொருளையும் அந்த வழக்கு சேர்த்தே கொண்டுவருகிறது, அது நமக்கு வேண்டியதுதான். தவிர, காகிதம் என்று நினைப்பவர்களுக்குச் 'சான்றிதழ்' தனியாக இருக்கிறது.

இந்தச் சொல் எனக்குப் பிடிக்க முக்கியமான காரணம் அதன் குடும்பம் தானாக வந்து உட்காருவதுதான். ஹோலோடைப், பெயர் வைத்தவரே குறித்த ஒரே உடல், தனிப் பெயர்ச்சான்று. சின்டைப், ஒன்றையும் தனியாகக் குறிக்காமல் பல உடல்களை வைத்து எழுதியது, கூட்டுப் பெயர்ச்சான்று. அந்தக் கூட்டத்திலிருந்து பின்னால் ஒருவர் ஒன்றைத் தேர்ந்து நிறுத்தினால் லெக்டோடைப், தேர்ந்த பெயர்ச்சான்று. ஹன்ஸ்கென் இதுதான். பாராடைப்புக்கு, அதாவது ஹோலோடைப்போடு சேர்த்துப் பெயர் வைத்தவர் குறிப்பிட்ட மற்ற உடல்களுக்கு, வரும்போது பாருங்கள், அதற்குப் பெயரைச் சுமக்கும் உரிமை விதிப்படி இல்லை, அதனால் 'பெயர்' என்பதை எடுத்துவிட்டு வெறும் 'துணைச்சான்று' என்றாலே போதும். வகைமாதிரி, துணை வகைமாதிரி என்று வைத்தால் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்?

சொல்லைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதம் பிடிப்பதற்கு ஒரு பழைய வருத்தம் காரணம். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், பெயர் வேண்டாம், விலங்கியல் துறை அருங்காட்சியகத்துக்கு வெள்ளையடித்தார்கள். ஜாடிகளை எல்லாம் வராந்தாவில் இறக்கிவைத்து, தூசியாக இருக்கிறது என்று தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். வெளியே ஒட்டியிருந்த சீட்டுகள் ஊறி வாளியில் மிதந்தன. ஒரு கடல்பாம்பு ஜாடியின் ரப்பர் மூடி தார் மாதிரி உருகி ஒட்டியிருந்தது, அதைப் பெயர்த்தெடுத்தேன். உள்ளே பாம்போடு நூலில் கட்டிய சின்னத் துண்டுக் காகிதம், பென்சிலில் எழுதியது, அப்படியே படிக்க முடிந்தது: தேதி, கடற்கரையின் பெயர், பிடித்தவரின் முதலெழுத்துகள். அந்த ஒன்று தப்பியது. மற்ற நாற்பது சொச்சம் ஜாடிகள் இன்று ஊர் பேர் இல்லாத மீனும் நண்டும். கழுவியவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. 'மாதிரி' என்று எழுதியிருந்த அறையில் இருந்ததை மாதிரியாகத்தான் நினைத்தார், போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று.

பாதுகாக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி, சொல்லைவிட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன். ஜாடியில் திரவம் குறைந்தால் 70 சதவீத எத்தனாலை மேலே ஊற்றி நிரப்பிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரைவிட எத்தனால் வேகமாக ஆவியாகும், மிச்சம் இருப்பது நீர்த்துப்போன திரவம். அதில் 70ஐ ஊற்றினாலும் மொத்தம் 70 ஆகாது. அடர்த்திமானி வைத்து அளந்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். பெர்லின் இயற்கை அருங்காட்சியகத்தில் 1945 பிப்ரவரியில் குண்டு விழுந்து இடிந்த கிழக்குப் பகுதியைத் திரும்பக் கட்டி 2010இல் திறந்தபோது, 276,000 ஜாடிகளை ஒரே கண்ணாடி அறைக்குள் வைத்தார்கள். உள்ளே இருக்கும் சாராயம் மட்டும் சுமார் 80 டன்.

பெர்லினை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மார்க்குஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவரின் மீன் சேகரிப்பு அந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1771இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813இல் அங்கேயே இறந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் நம் கரையிலிருந்து அவருக்கு மீன்கள் அனுப்பினார். கத்தாளை மீனுக்கு ஜானியஸ் என்று பிளாக் 1793இல் வைத்த பேரினப் பெயர் இவர் பெயர்தான். அதில் ஓர் இனம் ஜானியஸ் கருட்டா, நம்முடைய 'கருத்த கத்தாளை'யில் இருந்து வந்தது. பிளாக் விவரித்த விராலுக்கும் குரவைக்கும் 1801இல் லசெபேத் என்ற பிரெஞ்சு அறிஞர் 'வ்ரால்', 'கர்ருவெய்' என்றே பெயர் வைத்தார். பிந்தி வந்த பெயர்கள் என்பதால் அவை நிற்கவில்லை, ஆனாலும் பட்டியலில் இருக்கின்றன. தரங்கம்பாடியில் வலை இழுத்த யாரோ ஒருவர் சொன்ன சொல் லத்தீனுக்குள் போய் இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கிடக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம், அந்த மீன்களின் உடலைக் குறிக்க நாமும் ஒரு சொல் வைத்துவிட வேண்டும் என்று தோன்றும்.

எனக்கு இன்னும் தீராதது நியோடைப். பழைய உடல் எரிந்தோ தொலைந்தோ போனபின், பெயருக்குத் தேவை இருந்தால் மட்டும் புதிதாக ஒன்றை நிறுத்துவது. 'புதுப் பெயர்ச்சான்று' என்றால் புதுப் பெயர் என்று படிக்க வாய்ப்பு இருக்கிறது. 'மாற்றுப் பெயர்ச்சான்று' என்றாலும் மாற்றுப்பெயர் குறுக்கே வருகிறது. 'ஈட்டுச்சான்று' என்று ஒன்று தோன்றியது, ஆனால் அதில் பெயர் விழுந்துவிடுகிறது, பெயரைச் சுமக்காத துணைச்சான்றோடு போய்ச் சேர்ந்துவிடும். தாவரவியல் பக்கம் இருப்பவர்கள், உலர்தாவரத் தாள்களோடு வேலை செய்பவர்கள், இதற்கு வேறு ஏதாவது வைத்திருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.