பண்டிகைக் காணிக்கை: சபையாருக்கு ஒரு வேண்டுகோள்

அன்பார்ந்த ஊர் உறவுகள் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஊரைவிட்டு வெளியே வாழ்கிற நம் ஊராரின் இச்சங்கத்தில் பல சமயத்தவரும் இருக்கிறோம். இம்மடல் நம் ஊர்க் கிறிஸ்தவ ஆலயத்தின் சபையாராக இருப்பவர்களை நோக்கியது என்பதால் மற்றவர்கள் பொறுத்தருள வேண்டுகிறேன். கிறிஸ்மஸ் நெருங்கும்போது ஊரிலிருந்து நமக்கு வரும் வேண்டுகோள்கள் பெரும்பாலும் வீடு வீடாகப் பாடிச் செல்லும் கீத பவனிக்கும், அசனம் என்னும் பொது விருந்திற்கும், ஆலய மின்விளக்கு அலங்காரத்திற்கும் ஆனவை. நாமும் மனமுவந்து அனுப்புகிறோம். அந்தப் பணம் புத்தாண்டு ஆராதனை முடிவதற்குள் செலவாகியும் விடுகிறது. அதன் பிறகு வரும் பதினோரு மாதங்களும் சபையின் பாரம் முழுவதும் ஊரிலேயே இருக்கிற, நம்மைவிட வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களின் தோள்மேல்தான் விழுகிறது. இந்த ஆண்டு நாம் கொடுக்கும் பண்டிகைக் காணிக்கை ஆண்டு முழுவதையும் தாங்குவதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

அந்தப் பாரம் எத்தகையது என்பதை ஊரைவிட்டு நெடுநாள் விலகியிருப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரத்திற்கு ஒரு குருவானவர் இருந்தாலும், நம்முடையது போன்ற சிற்றூர்ச் சபைகளில் அன்றாட ஊழியத்தைச் சுமப்பவர் சபை ஊழியர்தான். காலை ஜெபம், ஞாயிறு பள்ளி, வியாதிப்பட்டோரைச் சந்திப்பது, அடக்க ஆராதனைக்கு ஓடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய சம்பளப் பங்கு, ஆலய மின்கட்டணம், ஆலயப் பணிவிடை செய்யும் கோயில்குட்டியாருக்குக் கொடுக்க வேண்டியது, ஏழை உதவி நிதி ஆகியவை மாதந்தோறும் வந்து நிற்கும் செலவுகள். பனைத்தொழிலை விட்டவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் போடுகிற பணத்தில்தான் இவை நடக்கின்றன. மழைக்காலத்தில் வேலை நின்றால் பையும் இலேசாகிவிடும். அப்போது முதலில் குறைவது ஏழை உதவி நிதிதான். மருந்துச் சீட்டோடு வருகிற ஒரு விதவைத் தாயாருக்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டிய நிலை சேகர கமிட்டியாருக்கு வருகிறது. அலங்கார விளக்குகளுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர்ந்த அதே ஊரில் இப்படி நேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

நம் திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்கள் பல, தூரத்தில் இருந்தவர்கள் கொடுத்ததால் உண்டானவை. ஜெர்மானிய மிஷனெரியான ரேனியஸ் ஐயர் 1827-இல் டோனாவூரை உருவாக்கியபோது நிலம் வாங்கப் பணம் அனுப்பியவர் பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு. ஊர்ப் பெயரே அவர் பெயரால் வழங்குகிறது. சாயர்புரத்தின் பெயரும் கிறிஸ்தவக் குடும்பங்கள் குடியேற நிலம் தந்த சாமுவேல் சாயரை நினைவூட்டுவது. விசுவாசத்தின் பொருட்டு வீடு வாசல் இழந்தவர்களுக்கு மனையும் நிலமும் வாங்கித் தருவதற்கென்றே ரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் அமைந்தது. அவ்வாறு பெற்றுக்கொண்டவர்கள் பெறுவதோடு நின்றுவிடவில்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் அவருடைய தோழர்களும் 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணத்தாலும் இந்திய ஊழியராலும் இந்தியர் நிர்வாகத்தாலுமே அது நடக்க வேண்டும் என்று உறுதி செய்தார்கள். மறு ஆண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்கு அவர்களுடைய முதல் ஊழியர் போனார். 1912 டிசம்பர் 29 அன்று, கிறிஸ்மஸ் முடிந்த அந்த வாரத்தில், அசரியா அதே தோர்ணக்கலின் பேராயராகக் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்றார். இவ்வளவுக்கும் அடியில் இருந்தது பெருந்தனக்காரர்களின் நன்கொடை மட்டுமன்று. நம் பாட்டிமார்களின் கைப்பிடி அரிசியும்தான்.

கைப்பிடி அரிசியை நம்மில் நடுவயது தாண்டியவர்கள் கண்ணால் கண்டிருப்போம். என் தாயார் உலை வைப்பதற்கு அரிசி அளந்து முறத்தில் கொட்டியபின், புடைப்பதற்கு முன்பே ஒரு பிடி அள்ளி, அடுப்படியில் தொங்கிய சிறு ஓலைப்பெட்டியில் போடுவார். வீட்டில் அரிசி தட்டான நாளிலும் அந்தப் பிடி சிறிதானதேயன்றி நின்றதில்லை. வாரக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வந்து அதைச் சேர்த்து எடுத்து, விற்று, மிஷனெரி காணிக்கைக்குக் கொடுப்பார்கள். அந்தப் பிடி சமைத்து மிஞ்சியதிலிருந்து எடுக்கப்பட்டதன்று. சமைப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டது. நாம் இன்று பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம். பண்டிகைத் துணிமணி, விமானச் சீட்டு, பிள்ளைகளுக்கான பரிசுப் பொருள், விருந்து எல்லாம் முடிந்தபின் கணக்கில் நிற்பதைப் பார்த்துக் காணிக்கையைத் தீர்மானிக்கிறோம். டிசம்பர்ச் சம்பளம் கைக்கு வந்த அன்றே, எந்தக் கடைக்கும் போவதற்கு முன், காணிக்கைக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பவுல் அப்போஸ்தலனும் இதையே கேட்டார். எருசலேமில் வறுமைப்பட்டிருந்த பரிசுத்தவான்களுக்காக, தொலைதூரத்தில் இருந்த கொரிந்து சபையாரிடம் காணிக்கை சேர்க்கச் சொன்னபோது, வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாக எடுத்து வைக்க வேண்டும் என்றும், தாம் வந்து சேர்ந்தபின் பணம் திரட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்றும் எழுதினார். தாய்ச் சபைக்காகத் தூரத்துச் சபைகள் கொடுத்த அந்தக் காணிக்கைக்கும், ஊருக்காக நாம் கொடுப்பதற்கும் அதிக வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் முன்மாதிரியாகக் காட்டியதும் செல்வர்களை அல்ல. கொடிய தரித்திரத்திலும் தங்கள் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்த மக்கெதோனியா நாட்டுச் சபைகளைத்தான். ஆகையால் நம்மில் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களும், வளைகுடாவில் சொற்பச் சம்பளத்தில் குடும்பத்தைக் காப்பவர்களும், கடனில் இருப்பவர்களும், இம்மடலைக் கண்டு மனம் குன்ற வேண்டாம். மாதம் நூறு ரூபாய் கொடுத்தாலும் சங்கம் அதை நன்றியோடு பெற்றுக்கொள்ளும். "உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்" என்ற வசனத்தில் தொகை எதுவும் குறிக்கப்படவில்லை.

நாம் கொடுக்க மனமில்லாதவர்கள் அல்லர் என்பதற்கு 2023 டிசம்பரே சாட்சி. கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்பு, 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை முழுவதும் வெள்ளக்காடானபோது, தொலைபேசி இணைப்புகூடக் கிடைக்காத நிலையில் நம்மவர்கள் எத்தனை பேர் இரவெல்லாம் விழித்திருந்து பணம் திரட்டினார்கள் என்பதை நாம் அறிவோம். பண்டிகைக்கு வைத்திருந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்த இளைஞர்கள் இக்குழுவில் இருக்கிறார்கள். அந்த மனது வெள்ளம் வடிந்ததும் வடிந்துவிட வேண்டியதில்லை. வெள்ளத்தில் வீடு இழந்தவருக்குப் பாய், போர்வை தேவைப்பட்டது போலவே, வெள்ளம் இல்லாத ஆண்டிலும் ஒரு மாணவிக்குக் கல்லூரிக் கட்டணமும் படுக்கையில் இருக்கும் ஒரு பெரியவருக்கு மருந்தும் தேவைப்படுகின்றன. இவை தொலைக்காட்சியில் வருவதில்லை என்பதால் நாம் கேள்விப்படாமல் போகிறோம்.

பெயர் பொறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆலயத்திற்குக் கொடுக்கும் மின்விசிறி, நாற்காலி, வாசல் வளைவு என எதிலும் உபயம் இன்னார் என்று எழுதும் வழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. பெற்றோரின் நினைவாகக் கொடுப்பவர்களின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆயினும் சபை ஊழியரின் சம்பளத்திலும் ஏழை உதவி நிதியிலும் பெயர் எழுத இடமில்லை. அந்த ஒரே காரணத்தால் அவற்றுக்குக் கொடுப்பவர்கள் குறைந்துவிடக் கூடாது. இந்த ஆண்டு பெற்றோர் நினைவாகக் கொடுக்க விரும்புகிறவர்கள், அதைப் பெயரின்றி இவ்விரண்டு நிதிகளுக்கும் கொடுக்கும்படி வேண்டுகிறேன்.

பணம் அனுப்பும் முறையில் சட்டம் சார்ந்த ஒரு வேறுபாட்டைக் கட்டாயம் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், எந்த நாட்டில் வசித்தாலும், தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. அவர்கள் தங்கள் என்.ஆர்.ஓ. அல்லது என்.ஆர்.ஈ. கணக்கிலிருந்து (வெளிநாடு வாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்குகள் இவை) சேகரக் கணக்கிற்கு அனுப்பி, தவறாமல் ரசீது பெற்றுக்கொள்ளலாம். அமெரிக்க, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள், இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையே. அதை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.-வின் கீழ்ப் பதிவுள்ள அமைப்பு மட்டுமே, அதுவும் 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில் மட்டுமே, முதலில் பெற முடியும். ஆகவே அவர்கள் ஊர்ச் சபைக் கணக்கிற்கு நேரடியாக அனுப்ப வேண்டாம்; உறவினர் கணக்கில் போட்டுச் சபைக்குக் கொடுக்கச் சொல்லும் குறுக்குவழியும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு செய்த காரியத்தால் சேகர கமிட்டியார் விசாரணைக்கு ஆளாக நேரிடும்.

அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இல்லை. பதிவுள்ள மிஷனெரி, மருத்துவ, கல்வி அமைப்புகள் வழியாக நம் மாவட்டத்து ஏழைகளுக்கே உதவலாம். அல்லது தாங்கள் இப்போது ஆராதிக்கும் சபைக்கு இந்த டிசம்பரில் தாராளமாகக் கொடுக்கலாம். நம்மில் பலர் அங்குள்ள சபைகளில் ஆண்டுக்கணக்காக அமர்ந்தும், மனம் ஊரில் இருப்பதால் அங்கே விருந்தாளியைப் போலவே கொடுத்து வருகிறோம். அது சரியன்று என்பது என் எண்ணம். பிரிட்டனில் வரி செலுத்துகிறவர்கள் தங்கள் சபையில் கிஃப்ட் எய்ட் என்னும் வரிச் சலுகைத் திட்டப் படிவத்தில் கையெழுத்திட்டால், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். அமெரிக்காவில் இருப்பவர்கள் இந்த ஆண்டு வரிக் கணக்கில் காட்ட வேண்டுமானால் டிசம்பர் 31-க்குள் கொடுத்துவிட வேண்டும்.

மாதந்தோறும் கொடுக்க முன்வருகிறவர்கள் தொகையையும், சபை ஊழியர் சம்பளம், ஏழை உதவி நிதி ஆகியவற்றில் எதற்கு என்பதையும், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதையும் குறிப்பிட்டு, குழுவிற்கு அல்லாமல் எனக்குத் தனிமடலாக எழுதுங்கள். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை வெளியிட மாட்டோம். மொத்த வரவும் செலவும் மட்டும் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இக்குழுவில் வரும். ஜனவரி முதல் வாரம் சேகர கமிட்டி ஆண்டு வரவுசெலவைத் தீர்மானிக்கக் கூடுவதால், கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் மடல் கிடைத்தால் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கு வசதியாக இருக்கும்.

கிறிஸ்துவின் அன்பில்,
சங்கப் பொருளாளர்