நாமத்துக்குப் பாதம் எங்கே?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில், ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் பதினோரு வருஷம் டிடிபி (கம்ப்யூட்டரில் எழுத்துக் கோத்துப் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்தேன். சாமி விஷயத்தில் நான் வாங்கிய திட்டெல்லாம் அங்கே வாங்கியதுதான்.

சேர்ந்து மூன்றாவது மாதம். திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார், பேத்தி கல்யாணம். கம்ப்யூட்டரில் கைக்கு அகப்பட்ட ஒரு நாமத்தை உச்சியில் வைத்து புரூஃப் கொடுத்தேன். கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தவர், "ஏம்ப்பா, பாதம் எங்கே?" என்றார். நான் முழித்தேன். பேனா முனையால் தன் நெற்றியையே காட்டினார். வைணவர்களில் தென்கலை, வடகலை என்று இரண்டு பிரிவு. தென்கலை நாமம் மூக்குத்தண்டு வரை இறங்கும், அதுதான் பாதம். வடகலையில் அது கிடையாது, புருவ மத்தியிலேயே வளைந்து முடிந்துவிடும். நான் வைத்திருந்தது வடகலை. "இதோட பத்திரிகை போனா சம்பந்தி வீட்டுல எங்களை யாருன்னு நினைப்பா?" காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் இரண்டு கலைக்காரர்களும் கோர்ட் படி ஏறிய கதையெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

கிறிஸ்தவர்கள் என்றால் ஒரு சிலுவையோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று வந்தபோது, முந்தைய வாரம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்) வீட்டுக்கு அடித்த ஃபைலைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றினேன். சோம்பேறித்தனம்தான். 'திருமண ஆராதனை' அப்படியே நின்றுவிட்டது, அவர்கள் சொல்வது 'திருமணத் திருப்பலி'. அதைக்கூட விட்டுவிட்டார்கள். பங்குத்தந்தை பெயருக்கு முன்னால் 'ஆயர்' என்று இருந்ததைப் பார்த்ததும் அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். சி.எஸ்.ஐ.யில் சபை போதகரே ஆயர், பிஷப்தான் பேராயர். கத்தோலிக்கர்களுக்கோ ஆயர் என்றாலே பிஷப். ஒரே அடியில் சாமியாருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறேன்!

786 விவகாரம் வேறு மாதிரி. 'பிஸ்மில்லாஹ்' வாக்கியத்தின் அரபு எழுத்துகளுக்கு உள்ள எண்களைக் கூட்டினால் வருவது அது. இறைவன் பெயர் எழுதிய தாள் நாளைக்குக் குப்பையில் மிதிபடக் கூடாது என்று எண்ணாகப் போடுவார்கள். மண்ணடியிலிருந்து வந்த அத்தா அதைப் போடச் சொன்னார். மகன், "குர்ஆன்லயும் இல்ல, ஹதீஸ்லயும் இல்ல, எடுத்துடுங்க பாய்" என்றான். (நான் பாய் இல்லை.) அரை மணி நேரம் போனது. நான் எல்லாருக்கும் டீ சொன்னேன். கடைசியில் 'இறைவனின் திருப்பெயரால்' என்று தமிழில் போட்டோம். மணப்பெண் பெயர் மர்யம். பக்கத்து மேஜையில் மரியா என்று ஒரு பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே பெயர்தான், குர்ஆனின் 19ஆம் அத்தியாயமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது என்று அந்தப் பையன்தான் சொன்னான்.

அப்புறம் சௌகார்பேட்டை ஜைன சேட் ஒருவர். ஸ்வஸ்திக், அதன் மேல் மூன்று புள்ளி, பிறை. புள்ளிகள் நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அழகாக இருக்கட்டுமே என்று இடது ஓரத்தில் ஒன்றை வைத்து, அதையே கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி வலது ஓரத்தில் ஒட்டினேன். ஸ்வஸ்திக்கின் கைகள் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டதை நான் கவனிக்கவில்லை. சேட் எதுவும் பேசவில்லை. தாளைப் பின்பக்கமாகத் திருப்பி, டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, நான் திருப்பி ஒட்டியதைக் காட்டினார்.

"தம்பி, இப்போ இது சரி. அது தப்பு."