கார்ட்டூன் இளவரசிகளும் நம்ம வீட்டுப் பிள்ளைகளும்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்க

தாமரை
'லிட்டில் மெர்மெய்ட்' படத்துல வர்ற கடல்கன்னி ஏரியல், மனுஷக் கால் வேணும்னு சூனியக்காரிகிட்ட தன் குரலையே கொடுத்துடுவா. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். சாப்பிடக் கூப்பிட்டா பொண்ணுகிட்ட இருந்து பதிலே இல்லை. போய்ப் பார்த்தா தொண்டையைத் தொட்டுக் காட்டி கையை விரிக்கிறா. குரலைக் கொடுத்துட்டாளாம்! சரி, விளையாட்டுன்னு விட்டுட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவிடுக்கில் விரல் மாட்டிக்கிச்சு. கண்ணுல தண்ணி கொட்டுது, வாயை மட்டும் திறக்கலை. "அழுதுடு கண்ணு"ன்னா மாட்டேன்னு தலையாட்டுறா. நீந்துறது, மூழ்கின கப்பல்ல பொருள் தேடுறதுன்னு எவ்வளவோ இருக்கு அந்தப் படத்தில். இவளுக்கு விளையாட இதுதானா கிடைச்சது?

கரிசல்காரன்
படத்து மேல பழி போடாதீங்க தோழி. குரலைக் கொடுன்னு கேட்கிறதும், ஆம்பளைங்களுக்கு வாயாடிங்களைப் பிடிக்காதுன்னு பாடுறதும் சூனியக்காரி. வில்லி பேச்சைப் படத்தோட பேச்சா எடுத்துக்கலாமா? 1837ல டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சன் எழுதின மூலக் கதையில் நாக்கையே அறுத்துடுவாங்க. இளவரசன் வேற பொண்ணைக் கட்டிக்குவான், இவ கடல் நுரையாகிடுவா. 1989 படத்தில் குரலாவது திரும்பக் கிடைக்குதே. எங்க அக்கா பையன் அதைப் பார்த்துட்டு நண்டு மாதிரி பக்கவாட்டில நடந்தான். எங்க வீட்டுப் பாதிப்பு அவ்வளவுதான்.

மழைக்குருவி
கரிசல் அண்ணே, அந்தச் சூனியக்காரி அர்சுலாவோட குண்டு உருவத்தைக் கவனிச்சீங்களா? நான் குண்டு. விசேஷ வீட்டில் கறுப்புச் சேலையில் நிக்கிறேன், ஒரு வாண்டு விரலை நீட்டி "அம்மா, அர்சுலா!"ன்னு கத்துச்சு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க, நானும் சிரிச்சு வெச்சேன். அவ அம்மா சிரிக்காம அவசரமா இழுத்துட்டுப் போனாங்க பாருங்க, அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு.

தூரிகை
நான் அனிமேஷன் படிச்சப்போ நடந்தது. ஒரு பொண்ணு கோபப்படுற காட்சிக்கு புருவத்தை நெரிச்சு, மூக்கு விடைச்சு, கீழ்வரிசைப் பல் தெரிய வரைஞ்சிருந்தேன். சொல்லிக்கொடுத்தவர் பென்சிலை வாங்கி நெத்திச் சுருக்கத்தை அழிச்சார், அப்புறம் பல்லை. "கோபத்திலும் லட்சணமா இருக்கணும்மா." பக்கத்து மேசையில் ஒருத்தன் வரைஞ்ச ராஜாவுக்கு முகமே கோணியிருந்துச்சு, அதுக்கு "சபாஷ்". இப்போ எந்த இளவரசி கோபப்பட்டாலும் நான் நெத்தியைத்தான் பார்க்கிறேன். வழவழன்னு இருக்கும்.

கணக்குப்புலி
எல்லாரும் உணர்ச்சிவசப்படுறீங்க. கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர்னு ரெண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களில் யார் எவ்வளவு பேசுறாங்கன்னு எண்ணியிருக்காங்க. 1959 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் 71 சதவீதம் பெண்கள் பேச்சு. நாயகி தூங்கினாலும் தேவதைகளும் வில்லியும் பேசித் தள்ளுறாங்க. 'லிட்டில் மெர்மெய்ட்'ல 68 சதவீதம் ஆண்கள். நண்டு, மீன், கடற்பறவை, அப்பா, சமையல்காரர் எல்லாம் ஆண். 'அலாதீன்'ல 90. நாடே கொண்டாடுற 'முலான்'ல 77, கூட வர்ற குட்டி டிராகன் நாயகி முலானைவிட அதிகம் பேசுது.

அதனால தாமரை, நான் சொல்றதைச் செய்யுங்க. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. நடுவில் நிறுத்தி "இப்ப யாரு பேசினா?"ன்னு கேளுங்க. ஒரு தாளில் ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு போடச் சொல்லுங்க. கூட்டல் பழகின மாதிரியும் ஆச்சு. அப்புறம் நண்டைப் பெண்ணா மாத்திக் கதை சொல்லச் சொல்லுங்க. ராத்திரியில் வேண்டாம், தூக்கம் கெடும். இளவரசி பொம்மைகளை ஒளிச்சு வைக்காதீங்க, ஆசை கூடும். என் அனுபவம்? எங்க வீட்டில் பையன்தான், அவன் கார் படம் மட்டும் பார்ப்பான்.

கரிசல்காரன்
கோடு போட்டுப் பார்த்தா படத்தை எப்போ சார் ரசிக்கிறது? அதோட உங்க கணக்குப்படி நாயகி தூங்கிட்டே இருக்கிற படம்தான் முற்போக்கா?

தாமரை
கணக்குப்புலி சார், அவளுக்குக் கூட்டல் இன்னும் வரலை. தூரிகை, அழிக்கிறதுக்கு முன்னாடி இருந்த கோபக்கார முகத்தைத் திரும்ப வரைஞ்சீங்களா? இருந்தா இங்கே போடுங்க.