பல்துறைப் பட்டத்தின் பண மதிப்பு: கணக்கைச் சரிபார்க்க உதவுங்கள்

வணக்கம். பல துறைகளை இணைத்துப் படிக்கும் இளங்கலைப் பட்டம் செலவுக்கு ஈடாகுமா என்று ஒரு கணக்குத்தாள் போட்டு வருகிறேன். செலவுப் பக்கம் எளிது: உதவித்தொகை கழித்த கட்டணம், கடன் வட்டி, படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் சம்பளம். கடைசியானதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

வரவுப் பக்கம்தான் சிக்கல். ஒப்பீடு பட்டமே இல்லாதவரோடு அல்ல. அதே மாணவர் எடுத்திருக்கக்கூடிய ஒற்றைத்துறைப் பட்டத்தோடு இருக்க வேண்டும். சராசரிச் சம்பளமும் வேண்டாம், சிலருடைய பெரிய சம்பளம் அதைத் தூக்கிவிடும். இடைநிலை மதிப்பே, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் சம்பளமே, சரி. பத்தாண்டு கழித்து வரும் 100, 5% தள்ளுபடி வீதத்தில் (வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் ஆண்டு வீதம்) இன்றைக்குச் சுமார் 61தான். 8% என்றால் 46. அதனால் முதல் சில ஆண்டுச் சம்பளத்துக்கே எடை அதிகம்.

சம்பளப் பட்டியல்களில் ‘பல்துறை’ என்ற ஒரே தலைப்பின்கீழ் கணினியும் உயிரியலும் படித்தவரும், வரலாறும் கலையும் படித்தவரும் கலந்துவிடுகிறார்கள். பாடச் சேர்க்கைவாரியாகப் பிரித்த விவரம் யாரிடமாவது இருக்கிறதா? முதுகலைச் சேர்க்கைக்கோ தொழில் உரிமத்துக்கோ ஒரு துறையில் பாட அலகுகள் போதாமல் கூடுதலாக ஓராண்டு படிக்க நேர்ந்தால், அந்தக் கட்டணத்தையும் சம்பள இழப்பையும் எந்த நிகழ்தகவால் பெருக்குகிறீர்கள்? இடையில் நின்றுவிடுபவர்களை எப்படிக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?